செக் திரும்பி 30 நாள் தாண்டிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது, இரண்டு மாதமாக இழுக்கிறார், கேஸ் போட்டால் வியாபாரம் கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வியாபாரத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் செக்கை எடுத்து, அதில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். மாமனார் தொடங்கியது, இப்போது நான் பார்க்கிறேன். காலையில் மாவை எடை போட்டு வீடுகளுக்குக் கொடுப்போம். பெண்கள் தேய்த்துக் காயவைத்துச் சாயந்திரம் கொண்டுவருவார்கள். உளுந்துக்கும் ரொக்கம், கூலிக்கும் ரொக்கம். சரக்கு மட்டும் கடனுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாமல் வேலை படுத்துவிடும்போது, வெளியே நிற்கிற பாக்கிதான் எங்களுக்குக் கஞ்சி.

திருவனந்தபுரத்தில் கடை வைத்திருக்கும் நம் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர், மாமனார் காலத்து வாடிக்கை, 1,84,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். மார்ச் முதல் வாரத் தேதி. கணக்கில் பணமில்லை என்று மெமோவோடு திரும்பியது. கேட்டால், “தாயி, கொஞ்சம் பொறுத்துக்கோ, அடுத்த வாரம் போட்டுருதேன்” என்பார். “சரி அண்ணாச்சி” என்று வைத்துவிடுவேன். இப்படியே நாற்பது நாளுக்கு மேல் ஓடிவிட்டது.

அதற்குள் ஒரு கெடு முடிந்திருந்தது எனக்குத் தெரியாது. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்தபின் அவருக்கு 15 நாள். அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு இது. அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். என் அழுகையைக் கேட்டுவிட்டு, “செக்கைக் காட்டுங்க” என்றார். தேதியைப் பார்த்தார். “மூணு மாசம் முடியலையே, திரும்பப் போடுங்க” என்றார். செல்லுபடியாகும் காலத்துக்குள், அதாவது அதில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள், ஒரு செக்கை மறுபடி போடலாம். இரண்டாம் முறை திரும்பினால் அந்தத் தேதியிலிருந்து 30 நாள் புதிதாக ஓடும். 2012இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. மே மாதம் போட்டேன், திரும்பியது. மறுநாளே பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது.

கேரளாவுக்கு அலைய வேண்டுமோ என்று பயந்திருந்தேன். வேண்டியதில்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கை நம் கணக்கில் போட்டால், அந்தக் கணக்கு இருக்கும் பேங்க் கிளையின் எல்லைக் கோர்ட்டில்தான் வழக்கு. என் கணக்கு அம்பாசமுத்திரத்தில். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கோர்ட். அவர்தான் மலை தாண்டி வந்தார்.

இரண்டு வாய்தாவுக்குப் பிறகு, சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்குப் போனது. அசலை இரண்டு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார், வட்டியை விட்டுக்கொடுத்தேன். விட்டிருக்கக் கூடாது என்று வீட்டில் இன்னும் சண்டை. ஆனால் லோக் அதாலத்தில் எழுதியது தீர்ப்புக்குச் சமம், அதற்கு அப்பீல் கிடையாது. மழைக்கு முன்னால் பணம் வந்தது, கூலி பாக்கி தீர்ந்தது. எனக்கு அது பெரிது. (பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைக்கும். நான் பீஸ் கட்டி முடித்த பிறகுதான் இது தெரிந்தது.)

செக்கே வாங்காமல் சரக்கு கொடுத்தவர்களுக்கு வேறு வழி உண்டு. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு அது. இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். எங்களைப் போல உற்பத்தி செய்யும் குறுந்தொழில், சிறுதொழிலுக்கு வாங்கியவர் பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் பேசியிருக்காவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் மத்திய அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது. சரக்கு அனுப்பும் முன்பே பதிவு இருக்க வேண்டும்; பிறகு எடுத்தால் பழைய பில்லுக்கு எதிர்த்தரப்பு வழக்காடும். என்னிடம் அப்போது பதிவு இல்லை, அதனால் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

நீங்கள் கேட்ட உறவு விஷயம்: அண்ணாச்சி இப்போது எங்களிடம் வாங்குவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனாருக்கு அதில் மிகுந்த வருத்தம். ஆனால் எங்கள் சரக்கு நிற்கவில்லை, வேறு இரண்டு கடைக்குப் போகிறது.

இரண்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் செக்குக்கு மூன்று மாதம் முடிய அதிகம் போனால் சில வாரங்கள்தான் இருக்கும். அவருடைய அடுத்த போனுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே பேங்கில் போடுங்கள்.