பிராடோர் ஏரிக்கரையில் கேலிக் மரபும் மிக்மாக் மரபும்: பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்களின் கேலிக் மொழி மரபையும், அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் மரபையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. பிராடோர் ஏரிக்கரையில் உள்ள பெடெக் என்ற ஊரில் அறை எடுங்கள். கார் கட்டாயம் வேண்டும். பேருந்தை நம்பிப் போகாதீர்கள்.

ஐயோனா என்ற ஊரில் ஏரியைப் பார்த்த குன்றின்மேல் ஹைலண்ட் வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களின் வழக்கப்படி, நனைத்த கம்பளித் துணியை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கேலிக் பாட்டின் தாளத்துக்கு அடித்து இறுக்கிக் காட்டுவார்கள். உங்களையும் கூப்பிட்டால் கூச்சப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

அப்புறம் மிக்மாக் மக்கள் வாழும் எஸ்கசோனி. அங்கே அவர்களே வழிகாட்டிகளாக வந்து கூடை முடைவது, நடனம், லுஸ்கினிகின் ரொட்டி சுடுவது எல்லாம் காட்டுவார்கள். முன்பதிவு செய்து, அரை நாளாவது ஒதுக்குங்கள்.

அக்டோபரில் இலைகள் சிவந்திருக்கும், செல்டிக் கலர்ஸ் இசைவிழாவும் நடக்கும். ஆனால் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. என்னைக் கேட்டால் செப்டம்பரே நல்லது.