உணவை விளைவிக்கும் சிற்றூர்களிலேயே பசி நிலைப்பது ஏன்?

உலகம் முழுவதற்கும் போதுமான உணவு விளைந்தும், அதை விளைவிக்கும் சிற்றூர் மக்களே பசித்திருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். குறை விளைச்சலில் இருப்பதைவிட, உணவைப் பெறும் வழியில்தான் பெரிதும் இருக்கிறது. உலகப் பண்ணைகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை 2 ஹெக்டேருக்கும் குறைந்த பரப்புடையவை. உலக உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றிலிருந்து கிடைக்கிறது. ஆயினும், கிடங்கும் கடன் வசதியும் நல்ல சாலையும் இல்லாத சிறு உழவர், அறுவடை முடிந்து எல்லோரும் விற்கும் வேளையில் தானியத்தைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, சில மாதங்களில் அதையே கூடுதல் விலைக்கு வாங்க நேர்கிறது. அடுத்த அறுவடைக்கு முந்தைய அந்த மாதங்களில்தான் வயல்வேலையும் மிகுதி, பசியும் மிகுதி. இந்தப் பருவப் பசியை ஆண்டுச் சராசரிகள் மறைத்துவிடுவது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

1996-ல் ரோமில் கூடிய உலக உணவு உச்சிமாநாடு, எல்லோருக்கும் எக்காலத்திலும் போதிய, சத்தான உணவு எட்டும் நிலையையே உணவுப் பாதுகாப்பு என வரையறுத்தது. ஆகவே விதையும் உரமும் மட்டும் தந்தால் போதாது. எத்தியோப்பியா 2005-ல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம், வறிய குடும்பங்களுக்குப் பணமோ தானியமோ வழங்கி, உழைக்க இயன்றவர்களை மண்ணரிப்புத் தடுப்பு, சாலை அமைப்பு போன்ற பொதுப்பணிகளில் ஈடுபடுத்துகிறது. பஞ்ச காலத்தில் அவர்கள் கால்நடைகளை விற்றுவிடாமல் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நில உரிமையும் இதே அளவு முக்கியமானது, ஏனெனில் நிலம் பெண்களின் பெயரில் இல்லாத இடங்களில் அவர்கள் உழைத்தாலும் கடன் பெறுவது அரிது.