தோட்டத்துக் கீரையைப் பிள்ளைகள் தட்டில் ஒதுக்கினால்

பள்ளித் தோட்டத்தில் விளைந்த கீரையைச் சத்துணவில் போட்டாலும் பிள்ளைகள் ஒதுக்கிவிடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கீரையைப் பறிப்பதையும் ஆய்வதையும் பிள்ளைகளிடமே விடுங்கள். இப்போது அவர்கள் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. அப்புறம் கீரை சத்துணவு சாம்பாரில் குழைந்து அடையாளம் தெரியாமல் போகிறது என்கிறீர்கள். பள்ளித் தோட்டத்துக் கீரையையே ஒதுக்குவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். ஏழாம் வகுப்பு மட்டும் முருங்கைக்கீரையை உருவி, அலசிக் கொடுக்கட்டும். தேங்காய் போட்ட பொரியல், எல்லா வகுப்புக்கும் அதே பொரியல்தான். யார் தட்டில் மிச்சம் குறைகிறது என்று கவனியுங்கள். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்தை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், ருசிக்கும் கேடில்லை.

ஒன்று மட்டும்: இரத்தசோகைக்குக் கீரை மட்டும் போதாது. தோட்டம் இருக்கிறதே என்று பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாராந்திர நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.