கண் தெளிந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: கம்பத்தில் இருக்கிறோம். என் மனைவிக்கு வயது 34. தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். இரண்டு மாதத்துக்கு முன் கடுமையான தலைவலியும் காதில் இரைச்சலும் வந்தன. நாலைந்து நாளில் இரண்டு கண்ணும் சிவந்து பார்வை மங்கிவிட்டது. மருந்துக்கடையில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. மதுரையில் ‘வி.கே.எச்.’ என்று சொல்லி மூன்று நாள் டிரிப்பில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பார்வை திரும்பிவிட்டது. இப்போது ஸ்டீராய்டு மாத்திரையும் அசதயோப்ரினும் சாப்பிடுகிறாள். முகம் ஊதிவிட்டது, சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, கேரளத்தில் கண்ணில் நெய் கட்டும் சிகிச்சைக்குக் கூட்டிப் போகலாமா? தோட்டத்தில் அடிக்கிற மருந்தால் வந்ததா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் மனைவிக்கு வந்திருப்பது வோக்ட்–கொயனாகி–ஹரடா நோய். இதைத்தான் சுருக்கமாக வி.கே.எச். என்கிறோம். சுவிட்சர்லாந்து மருத்துவர் வோக்ட் 1906-லும், ஜப்பானிய மருத்துவர்கள் ஹரடா 1926-லும் கொயனாகி 1929-லும் எழுதியவை ஒரே நோயின் வெவ்வேறு முகங்கள் என்று பின்னால் புரிந்தது. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அணுக்கள் கண்ணுக்குள்ளேயும், உள்காதிலும், மூளையைச் சுற்றிய உறையிலும் இருக்கின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த அணுக்களையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. தலைவலி, காது இரைச்சல், கண் மங்கல் மூன்றும் அடுத்தடுத்து வந்தது அதனால்தான். எதிர்ப்புச் சக்தி ஏன் இப்படித் திரும்புகிறது என்பது முழுதாகத் தெளிவாகவில்லை. தோட்டத்து மருந்துதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இது யாருக்கும் ஒட்டாது.

மெட்ராஸ் ஐ வந்தால் கண் உறுத்தும், நீரோ பீளையோ வடியும், ஆனால் பார்வை பெரிதாகக் குறையாது. சிவப்போடு பார்வையும் மங்கினால் அது மெட்ராஸ் ஐ என்று மருந்துக்கடையில் முடிவு செய்யக் கூடாது. இந்த நோயில் கோளாறு விழித்திரைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ரத்த நாளங்கள் நிறைந்த படலம் வீங்கி, நீர் கசிந்து, விழித்திரையையே மேலே தூக்கிவிடுகிறது. சொட்டு மருந்து அவ்வளவு ஆழத்துக்குப் போய்ச் சேராது.

மதுரையில் ஏன் அத்தனை பரிசோதனை என்று நினைத்திருப்பீர்கள். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் தேங்கிய நீர் பை பையாகத் தெரியும். கையில் சாய ஊசி போட்டு எடுக்கும் கண் ஆஞ்சியோகிராமில் ஊசிமுனை போன்ற கசிவுகள் புள்ளி புள்ளியாக ஒளிரும். நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் கிருமியால் வரும் உள்வீக்கம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. காசநோய் உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அது பெருகிவிடும். தண்ணீரில் இறங்கினாரா, காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டிருப்பார்கள். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் எலிக்காய்ச்சல் கிருமியால் பலருக்குக் கண் உள்வீக்கம் வந்தது. மழைக்காலத் தோட்ட வேலைக்காரர்களிடம் அதைக் கேட்காமல் விட மாட்டோம்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. பார்வை திரும்பியது நோய் போய்விட்டதால் அல்ல, நீர் வற்றியதால். உள்ளே வீக்கம் நீறு பூத்த நெருப்பாக இருக்கும். ஸ்டீராய்டை வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. அளவில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் அதற்கும் மேல் கொடுக்கிறோம். அவசரப்பட்டு நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகம். திரும்பத் திரும்ப வரும்போதுதான் கண்புரை, கண் அழுத்தம், விழித்திரைத் தழும்பு எல்லாம் சேர்ந்து பார்வையை நிரந்தரமாகப் பறிக்கின்றன. இன்னொரு ஆபத்தும் உண்டு. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

முகம் ஊதியது மனசுக்குக் கஷ்டம்தான், அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை அளவு குறையக் குறைய அதுவும் வடியும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையான அசதயோப்ரினைக் கொடுத்திருப்பதே ஸ்டீராய்டைக் குறைக்க வழி செய்யத்தான். அது முழுதாக வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்த மருந்துகளைச் சாப்பிடும் காலம் முழுக்க, சொன்ன தேதியில் ரத்த அணுக்கள், கல்லீரல், சர்க்கரைப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். ரத்த அழுத்தமும் கண் அழுத்தமும் பார்க்க வேண்டும். மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், உப்பைக் குறையுங்கள். காய்ச்சல் வந்தால் கட்டப்பனையில் காட்டினாலும் கம்பத்தில் காட்டினாலும் மருந்துச் சீட்டை நீட்டி இந்த மாத்திரைகளைச் சொல்லுங்கள். இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் மற்ற சில மருந்துகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது.

நெய் கட்டுவது கண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும். மாத்திரையை விட்டுவிட்டு அதற்குப் போவதை நான் ஒப்ப மாட்டேன்.

வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். தினமும் காலையில் நாள்காட்டியைப் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றி. கீழே உள்ள சின்ன எழுத்து நேற்றைவிட மங்கினாலோ, கோடு வளைந்து தெரிந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, தலைவலியும் காது இரைச்சலும் திரும்பினாலோ, அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். வரும் மாதங்களில் இமை முடி நரைக்கலாம், தோலில் வெள்ளைத் திட்டு வரலாம். வந்தால் பயப்படாதீர்கள். அது தொழுநோய் அல்ல, இதே நோயின் பகுதிதான். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.