13 எண் பார்கோடுக்குள் என்ன இருக்கிறது? இலவசமாக உருவாக்கியதை டப்பாவில் ஒட்டலாமா?

உங்கள் நிலைமை இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: ஆற்காட்டில் மக்கன் பேடா போட்டு, கால் கிலோ, அரை கிலோ டப்பாக்களில் அடைக்கிறீர்கள். வேலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட் ‘பார்கோடு இருந்தால்தான் ரேக்கில் வைப்போம்’ என்று சொல்லிவிட்டது. ஏதோ ஒரு தளத்தில் 12 இலக்க எண்ணை அடித்துக் கோட்டுப்படத்தை இறக்கி வைத்திருக்கிறீர்கள்.

அதை உங்கள் சொந்தக் கடை பில்லுக்கு ஒட்டலாம். வெளிக்கடைக்கு ஒட்டாதீர்கள். கோடு வரைவது இலவசம், எண் இலவசமில்லை. நீங்கள் மனம்போன போக்கில் அடித்த எண் வேறு யாருடைய ஷாம்பு பாட்டிலுக்கோ கொடுக்கப்பட்டதாக இருக்கலாம். பில் போடும்போது பேடா டப்பாவுக்கு ஷாம்பு விலை விழும்.

அந்த எண்ணுக்குள் விலை கிடையாது, பெயர் கிடையாது, காலாவதி தேதி கிடையாது. அது கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலில் ஒரு வரியைத் தேடி எடுக்க உதவும் எண், அவ்வளவுதான். விலை அந்த வரியில் இருக்கிறது. 890 என்று தொடங்கினால் ஜிஎஸ்1 இந்தியா, அதாவது இங்கே பார்கோடு எண் ஒதுக்கும் அமைப்பு, கொடுத்த எண் என்று அர்த்தம். இந்தியாவில் செய்த பொருள் என்று அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பில் ‘890 பார்த்து வாங்குங்கள், அதுதான் நம் நாட்டுச் சரக்கு’ என்று சுற்றுகிற செய்தி தப்பு. இங்கே பதிவு செய்த நிறுவனம் வெளிநாட்டில் செய்து இறக்கினாலும் 890 போடலாம்.

890-க்கு அடுத்து உங்கள் நிறுவனத்துக்கான இலக்கங்கள், பிறகு பொருளுக்கு நீங்களே கொடுக்கும் இலக்கங்கள், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். 100 பொருள் போதும் என்று பதிவு செய்தால் பொருளுக்கு 2 இலக்கம் மிஞ்சும், 1000 என்றால் 3. கால் கிலோவுக்கு ஒன்று, அரை கிலோவுக்கு இன்னொன்று. நெய், டால்டா என்று இரண்டு வகை போட்டால் அதற்கும் தனித்தனி. நிறுத்திவிட்ட பொருளின் எண்ணைப் புதுப் பொருளுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள், பழைய டப்பா எங்காவது ஒரு ரேக்கில் உட்கார்ந்திருக்கும்.

சரிபார்ப்பு இலக்கம் வருகிற விதம்: இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11-ஆம் இடத்து இலக்கங்களைக் கூட்டுங்கள். 2, 4, 6, 8, 10, 12-ஆம் இடங்களைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13-ஆவது இலக்கம். 210012500750 என்பதை எடுத்தால் முதல் கூட்டல் 13, இரண்டாவது 10, மூன்றால் பெருக்க 30, மொத்தம் 43. ஐம்பதுக்கு 7 குறைகிறது. ஆக 2100125007507. ஒரு இலக்கம் தப்பாக அடித்தால் இது கண்டிப்பாகப் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். 2-7, 1-6 போல வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் மட்டும் கோட்டை விடும்.

மேலே எடுத்த எண் 2-இல் தொடங்குவதைக் கவனித்தீர்களா? 20 முதல் 29 வரை கடைகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ள விட்டிருக்கும் எண்கள். தராசு லேபிளில் வருவது இதுதான். இந்த எண்ணில் 21 கடை வைத்த குறி, 00125 பொருள், 00750 எடை கிராமில். இலவம்பாடி முள் கத்திரிக்காய் முக்கால் கிலோ எடை போட்டு ஒட்டினால் இப்படி வரும். எடைக்குப் பதில் விலையைப் போடும் கடைகளும் உண்டு. ‘விலை கிடையாது என்றாயே’ என்று யாரும் கீழே வந்து பாய வேண்டாம், அந்த லேபிள் அந்தக் கடையின் கதவு வரைதான் செல்லும்.

இனி கோடு. ஒவ்வொரு இலக்கமும் 7 சம அகலப் பாகம். அந்த 7 பாகமும் இரண்டு கறுப்புக் கோடு, இரண்டு வெள்ளை இடைவெளியாகப் பிரியும், அவற்றின் அகலம் இலக்கத்துக்கு இலக்கம் மாறும். தொடக்கத்தைக் காட்டும் காவல் கோடுகளுக்கு 3 பாகம், இடது ஆறு இலக்கம் 42, நடுக் காவல் 5, வலது ஆறு இலக்கம் 42, முடிவு 3, ஆக 95 பாகம். 12 இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கிறது, 13-ஆவது எங்கே? முதல் இலக்கத்துக்குக் கோடே இல்லை. இடது ஆறையும் இரண்டு விதமாக எழுதலாம். எது எந்த விதம் என்ற வரிசையை வைத்து ஸ்கேனர் 890-இன் அந்த 8-ஐக் கண்டுபிடிக்கிறது. அதனால்தான் அது கோட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறது. டப்பாவைத் தலைகீழாகக் காட்டினாலும் ஸ்கேனருக்குத் திசை தெரிவதும் இந்த ஏற்பாட்டால்தான்.

நிஜமாக எல்லாரும் மாட்டிக்கொள்வது அச்சில். ஒரு பாகம் 0.33 மி.மீ. இரு பக்க வெற்றிடத்தையும் சேர்த்து முழு அகலம் 37.29 மி.மீ., கோட்டு உயரம் 22.85 மி.மீ. இதை 80 சதவீதம் வரை சுருக்கலாம், 200 வரை பெரிதாக்கலாம். இடது பக்கம் 11 பாகம், வலது பக்கம் 7 பாகம் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும். டிசைன் போடுபவர் அந்த வெள்ளையை வீண் இடம் என்று நினைத்துப் பூப்போட்ட பார்டரை ஒட்டிவிடுவார். ஸ்கேன் ஆகாது.

லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) என்றால் ஒரு புள்ளி 0.125 மி.மீ. இரண்டு புள்ளி வைத்தால் 0.25, அது 80 சதவீதத்துக்கும் கீழே. மூன்று வைத்தால் 0.375, முழு அகலம் 42.4 மி.மீ. அதனால் 50 மி.மீ. அகல லேபிள் வாங்குங்கள், 38 போதாது. சாஃப்ட்வேரில் படத்தை மூலையைப் பிடித்து இழுத்துப் பொருத்தவே கூடாது. புள்ளிக்கணக்கு உடைந்து ஒரு கோடு தடித்து ஒரு கோடு மெலிந்துவிடும்.

ஸ்கேனர் ஒளி சிவப்பு. சிவப்பு, ஆரஞ்சுக் கோடுகள் அதற்கு வெள்ளையாகத் தெரியும். கறுப்பு அல்லது அடர்நீலம் போடுங்கள், பின்புலம் வெள்ளையோ மஞ்சளோ இருக்கட்டும். பளபளக்கும் ஃபாயில் மீது நேரடியாக அடிக்காதீர்கள்.

பேடாவில் நெய்யும் ஜீராவும் கசியும். ரிப்பன் (மைப்பட்டை) இல்லாமல் சூட்டிலேயே எழுத்து விழும் தெர்மல் லேபிள் எண்ணெய் பட்டால் மங்கும், வெயிலில் கெடும். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலைச் சொல்லத் தேவையில்லை. ரிப்பன் வைத்து அடிக்கும் லேபிளே நல்லது. இதே தெர்மல் தாளில்தான் மிக்ஸி, ஃபேன் கடைகள் இரண்டு வருட வாரண்டி பில்லைத் தருகிறார்கள். ஆறு மாதத்தில் வெள்ளைத் தாள்! ‘பில் எங்கே’ என்று சர்வீஸ் சென்டரில் கேட்பார்கள். வாரண்டி பில்லையாவது சாதாரணத் தாளில் அடித்துக் கொடுக்க இவர்களுக்கு என்ன கேடு? பில் வாங்கியதும் போட்டோ எடுத்து வையுங்கள்.

எக்ஸெலில் பட்டியல் போடும்போது பார்கோடு எண் வரும் நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்குங்கள். இல்லையென்றால் எண் 8.9E+12 என்று சுருங்கும், 0-இல் தொடங்கும் எண்ணில் முன் பூஜ்யம் பறந்துவிடும்.

எம்.ஆர்.பி. மாறினால் பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே எண்ணில் நிற்கும். பில்லிங் சாஃப்ட்வேரில் எம்.ஆர்.பி. வாரியாகத் தனி வரி வைத்தால் ஸ்கேன் செய்யும்போது எது என்று கேட்கும். வைக்காவிட்டால் ஸ்டாக் கணக்கும் பில்லும் ஒத்துப்போகாது.

‘க்யூஆர் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு’ என்பவர்களுக்கு: ஒற்றை லேசர் கோடு ஓடும் ஸ்கேனர் க்யூஆரைப் படிக்காது, அது இன்னும் பல கவுண்டர்களில் இருக்கிறது.

20 டப்பா கொண்ட அட்டைப் பெட்டிக்கு 14 இலக்க எண் போடுவது வழக்கம். முன்னால் 1 முதல் 8-க்குள் ஒன்று, பிறகு டப்பா எண்ணின் முதல் 12, பிறகு சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். இடங்கள் ஒன்று நகர்ந்துவிட்டதால் இந்த முறை ஒற்றை இடங்களைத்தான் 3-ஆல் பெருக்க வேண்டும். பழைய கடைசி இலக்கத்தை அப்படியே விட்டு அச்சடித்தால் கிடங்கில் பெட்டியைத் திருப்பி அனுப்புவார்கள்.