வெம்பிளிக்குக் குடும்பத்தோடு ஒரு மேட்ச்: வாசகர் கேள்வி–பதில்

காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளை (13 வயது, 8 வயது) லண்டனுக்கு அழைத்துப்போய், வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்து அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்க்க நினைக்கிறோம். எதை முதலில் வாங்குவது: விமான டிக்கெட்டா, மேட்ச் டிக்கெட்டா, விசாவா?
— வாசகர், திருச்சி

மூன்றும் இல்லை, முதலில் தேதி. நாட்டு அணிகள் நினைத்தபோது ஆடுவதில்லை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஒதுக்கும் நாட்களில்தான் கிளப்புகள் தங்கள் வீரர்களை விடுவிக்கின்றன. மார்ச், ஜூன், நவம்பர் மாதங்களில் அந்த நாட்கள் வரும். முன்பு செப்டம்பரிலும் அக்டோபரிலும் தனித்தனியாக இருந்தவை, 2026 முதல் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை ஒரே நீண்ட இடைவெளியாகச் சேர்ந்துவிட்டன. நம் காலாண்டு விடுமுறையை ஒட்டி வருவதால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு.

அட்டவணை வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அந்த ஆட்டம் இங்கிலாந்தின் சொந்த மண்ணில்தானா? அப்படியே இருந்தாலும் வெம்பிளியில்தானா? 2024 ஜூனில் போஸ்னியாவுடன் ஆடிய ஆட்டம் நியூகாசிலில் நடந்தது. 2025 ஜூனில் செனகலுடன் ஆடியது நாட்டிங்காமில். ‘இங்கிலாந்து ஹோம் மேட்ச்’ என்று படித்ததுமே வெம்பிளி பக்கத்தில் ஹோட்டல் போட்டுவிடக் கூடாது.

அடுத்து விசா. பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்தபின் முடிவு வர வழக்கமாக 3 வாரம் ஆகும். ஆகவே அக்டோபர் முதல் வாரப் பயணம் என்றால் ஜூலை நடுவிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். 5 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்பதால் இருவரும் கைரேகைக்கு நேரில் வர வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வையுங்கள். அப்பா, அம்மாவில் ஒருவர் மட்டும் அழைத்துப்போவதாக இருந்தால், மற்றவரின் சம்மதக் கடிதமும் தேவை.

நிராகரிப்பு பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் வந்து நிற்கிறது. மாதச் சம்பளம் 60,000 ரூபாய் வருகிற கணக்கில், விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென 5 லட்சம் விழுந்தால் அதிகாரி அதை உங்கள் பணமாகப் பார்க்க மாட்டார். நகையை விற்றதோ, வைப்புநிதி முதிர்ந்ததோ, எதுவானாலும் அதற்கான தாளை உடன் இணையுங்கள். கடந்த 6 மாத வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல், வேலையிடத்து விடுப்புக் கடிதம் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். விடுப்புக் கடிதத்தில் 8 நாள், விண்ணப்பத்தில் 15 நாள் என்று இருந்தால் கேள்வி வரும்.

மேட்ச் டிக்கெட் கையில் இருப்பது விசாவுக்கு உறுதி ஆகாது. ஆனாலும் விற்பனை திறந்தால் காத்திருக்காதீர்கள். விசா கிடைக்காமல் போனால் அந்தத் தொகை மட்டும்தான் நட்டம். விமான டிக்கெட்டில் அந்தத் துணிச்சல் வேண்டாம். விசா முடிவு வரும்முன் திரும்பப் பெற முடியாத பயணச் செலவு எதையும் செய்யாதீர்கள் என்று பிரிட்டன் அரசே சொல்கிறது. ஹோட்டலையும் ரத்து செய்யக்கூடிய வகையிலேயே பதியுங்கள்.

ஒரு இணையதளத்தில் வெம்பிளி டிக்கெட் மூன்று மடங்கு விலைக்குக் கிடைக்கிறது. நான்கு இருக்கையும் சேர்த்தே தருகிறார்களாம். வாங்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

வேண்டவே வேண்டாம். கச்சேரி டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது வேறு, கால்பந்து வேறு. இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அப்படிக் கைமாறிய டிக்கெட் தெரியவந்தால் ரத்தாகும். நீங்கள் பிள்ளைகளோடு நுழைவாயிலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால், அந்த இணையதளம் அங்கே உதவிக்கு வராது.

நேர்வழி இதுதான். இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் டிக்கெட் தளத்தில் இப்போதே கணக்கு தொடங்குங்கள். முதலில் ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு விற்பார்கள், மிச்சம் பொது விற்பனைக்கு வரும். பெரிய எதிரணி என்றால் மிச்சம் குறைவு. சிறிய நாட்டோடு நடக்கும் தகுதிச்சுற்று ஆட்டத்தில் குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல் நான்கு இடம் கிடைப்பது எளிது. முதல் தடவை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வதும் அதுதான்: எதிரணியின் பெயரை விட்டுவிட்டு இருக்கையைப் பாருங்கள்.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி செயலியில் முன்னாலேயே திறந்துவைக்க வேண்டும். விற்பனை நாளில் பணம் மறுக்கப்படுவதற்கு இதுதான் முதல் காரணம். டிக்கெட் கைபேசியில்தான் வரும். ஆகவே அந்தக் கணக்கின் மின்னஞ்சலும், ஓடிபி வரும் இந்திய எண்ணும் லண்டனிலும் வேலை செய்ய வேண்டும். லண்டன் சிம் போடுவதற்காகப் பழைய சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

என் மகன் ரொனால்டோ பைத்தியம். போர்ச்சுகல் ஆட்டம் அமைந்தால் அந்த ஜெர்ஸியோடு உட்காரலாமா?
— வாசகர், சென்னை

பொது விற்பனையில் உங்களுக்குக் கிடைப்பது இங்கிலாந்து ரசிகர் பகுதி. அங்கே எதிரணி ஜெர்ஸி அணிந்தால் வெளியேற்ற மைதான விதிகள் இடம் தருகின்றன. சின்னப் பையன்தானே என்று பணியாளர் விட்டாலும், சுற்றியிருப்பவர்கள் விடுவார்கள் என்று சொல்ல முடியாது. எதிரணி கோல் போட்டதும் துள்ளி எழுவதும் அதே சிக்கல்தான். எதிரணி ரசிகர்களுக்கான இடங்களை அந்தந்த நாட்டுச் சங்கமே விற்கும். நம்மூரிலிருந்து அதை வாங்குவது கடினம். சாதாரண உடையோடு உட்காரட்டும். இதை லண்டன் போய்ச் சொல்லாமல் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த இருக்கை நல்லது?
— வாசகர், ஈரோடு

90,000 பேர் அமரும் மைதானம் அது. 100-இல் தொடங்கும் பிளாக்குகள் கீழ் அடுக்கு, 500-இல் தொடங்குபவை மேல் அடுக்கு. இடையில் இருப்பது விலை உயர்ந்த கிளப் அடுக்கு. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கீழ் அடுக்கில் ரசிகர்கள் ஆட்டம் முழுக்க நின்றபடியே பார்ப்பார்கள். 8 வயதுப் பிள்ளைக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். கெட்ட வார்த்தைப் பாட்டும் அங்கேதான் அதிகம். குடும்பப் பகுதி விற்பனையில் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் மேல் அடுக்கின் பக்கவாட்டு. சரிவு செங்குத்தாக இருப்பதால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. வீரர்கள் எப்படி இடம் பிரித்து நிற்கிறார்கள் என்பதும் அங்கிருந்துதான் நன்றாகப் புரியும். கீழ் அடுக்கின் முதல் சில வரிசைகளில் காற்றடித்தால் மழைச்சாரல் வரும். கூரை இருக்கைகளுக்கு மேல்தான், ஆடுகளத்தின் மேல் திறந்தவெளி.

லண்டனின் ஹாரோ பகுதியில் இருக்கும் அக்கா வீட்டில் தங்குவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரையும் கூட்டிப் போகலாமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

தாராளமாக. ஹாரோ உங்களுக்கு நல்ல இடம். ஹாரோ-ஆன்-த-ஹில் நிலையத்திலிருந்து மெட்ரோபொலிட்டன் ரயிலில் மூன்றாவது நிறுத்தம் வெம்பிளி பார்க். அங்கே லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து மைதானம் வரை ஒலிம்பிக் வே என்ற அகன்ற நடைபாதை, மெதுவாக நடந்தால் 15 நிமிடம். அதன் முடிவில் உயரமான படிக்கட்டு எழும். அம்மாவை அதில் ஏற்றாமல் பக்கத்தில் இருக்கும் லிஃப்டைக் கேளுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே, படி ஏற முடியாதவர் என்று சொல்லி எளிதில் அணுகும் இருக்கை கேட்க வேண்டும். வாங்கியபின் மாற்றுவது சிரமம். மேல் அடுக்கு அவருக்கு ஆகாது. லண்டன் நடுவில் தங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தில் படிகள் உண்டு. முதியவரோடு போனால் கிரீன் பார்க், வாட்டர்லூ போன்ற லிஃப்ட் உள்ள நிலையத்திலிருந்து வெம்பிளி பார்க் போகும் ஜூபிலி ரயிலைப் பிடியுங்கள்.

மேட்ச் அன்று என்னென்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, கோவை

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஆட்டம் பெரும்பாலும் இரவு 7.45-க்கு ஆரம்பம். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அதாவது பிள்ளையின் உடம்புக்கு அது நள்ளிரவு 12.15, ஆட்டம் முடிகையில் 2 மணி தாண்டிவிடும். நவம்பரில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். முந்தைய நாள் போய் இறங்கினால் இரண்டாம் பாதியில் பிள்ளை மடியில் தூங்கும். மூன்று நாள் முன்பே போய்ச் சேருங்கள், மேட்ச் அன்று மதியம் ஒரு மணி நேரமாவது படுக்க வையுங்கள்.

பை: ஏ4 தாள் அளவுக்கு (சுமார் 30 × 21 செ.மீ.) மேல் உள்ளே விடமாட்டார்கள். பள்ளிப் பை, கேமரா பை எல்லாம் ஹோட்டலிலேயே இருக்கட்டும். கண்ணாடிப் பாட்டில், டின், பெரிய குடை கூடாது. ஸ்வெட்டரைப் பையில் திணிக்காமல் மேலே போட்டுக்கொண்டே போங்கள். உட்கார்ந்தே இருக்கும்போது இரவுக் குளிர் நன்றாக ஏறும். உள்ளே நோட்டு செல்லாது, கார்டு மட்டும்தான். ஒருமுறை நுழைந்தால் வெளியே போய்த் திரும்ப முடியாது.

ரயில் நிலைய வாயிலில் கார்டைத் தட்டித்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும்; ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டை இருவருக்குத் தட்ட முடியாது. போகும்போது கைபேசியையும் இறங்கும்போது அதே வங்கியின் பிளாஸ்டிக் கார்டையும் தட்டினால், இரண்டு முடியாத பயணங்களாகக் கணக்காகி இரண்டு அதிகபட்சக் கட்டணம் பிடிக்கும். 11 வயதுக்குக் கீழ் பெரியவரோடு இலவசம், அகலமான வாயிலில் அழைத்துப்போங்கள். 11 முதல் 15 வரை உள்ள பிள்ளைக்கு ஓய்ஸ்டர் கார்டு (லண்டன் பயணத்துக்கு முன்பணம் ஏற்றும் அட்டை) வாங்கி, சுரங்க ரயில் நிலையப் பணியாளரிடம் ‘யங் விசிட்டர்’ தள்ளுபடி ஏற்றச் சொன்னால் 14 நாள் வரை பாதிக் கட்டணம்.

பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து ஜூபிலி ரயில் வழியெல்லாம் நிற்கும். மெட்ரோபொலிட்டன் ரயிலோ இடையில் ஃபின்ச்லி ரோட்டில் மட்டும் நிற்கும், அடுத்து வெம்பிளி பார்க்தான்.

சாப்பாட்டை மைதானத்துக்குள் நம்பாதீர்கள். மதியமே வெம்பிளி சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஈலிங் ரோடு. குஜராத்திக் கடைகளும் ஈழத்தமிழர் கடைகளும் வரிசையாக இருக்கும். தோசையோ கொத்து ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு, 20 நிமிடம் நடந்தால் மைதானம். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வாயிலில் இருங்கள்.

திரும்பும்போதுதான் பிள்ளைகளை இறுகப் பிடிக்க வேண்டும். விசில் ஊதியதும் பல்லாயிரம் பேர் ஒரே நிலையத்தை நோக்கி நடப்பார்கள். காவலர்கள் ஒலிம்பிக் வேயில் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். அவசரப்படாமல் உள்ளேயே 20 நிமிடம் உட்காருங்கள், கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். கூட்டத்தில் கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது. பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்பதை வரும்போதே காட்டிவிடுங்கள். படிக்கட்டின் மேலே, மைதானத்தின் முன் நிற்கும், இங்கிலாந்து அணியின் முன்னாள் கேப்டன் பாபி மூர் சிலை எல்லோருக்கும் தெரிந்த அடையாளம்.

பெண்கள் அணியின் ஆட்டம் குடும்பத்துக்குப் பொருந்துமா?
— வாசகி, மதுரை

மிகவும். இங்கிலாந்துப் பெண்கள் அணி 2022, 2025 இரண்டு யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான) கோப்பைகளையும் வென்ற அணி. ஆட்டத்தின் தரத்தில் குறை இல்லை, டிக்கெட் விலை குறைவு, கூட்டத்தில் பாதி பள்ளிப் பிள்ளைகள்போல் இருக்கும். சின்னக் குழந்தை உள்ளவர்கள் இதையே முதலில் பாருங்கள்.

2028 யூரோவுக்கு இப்போதே திட்டமிடலாமா?
— வாசகர், சேலம்

பணத்தைச் சேர்க்கத் தொடங்கலாம். ஜூன் 9-இல் கார்டிஃப்பில் தொடங்கி ஜூலை 9-இல் வெம்பிளியில் முடிகிறது. நம் பள்ளிகள் திறந்திருக்கும் காலம், ஆகவே விடுப்பு எடுத்தே ஆக வேண்டும். டிக்கெட்டை ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ தன் தளத்தில் விண்ணப்பம் வாங்கிக் குலுக்கலில்தான் கொடுக்கும். ஒரே ஆட்டத்துக்கு எழுதிப்போடாமல், பெரிய அணிகள் இல்லாத குழுச்சுற்று ஆட்டங்களுக்கும் சேர்த்துப் போடுங்கள். டப்ளின் ஆட்டம் கிடைத்தால், அது அயர்லாந்து, தனி நாடு. பிரிட்டன் விசாவே போதும் என்று நினைத்துக்கொள்ளாமல், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் அதன் விசா விதியையும் பாருங்கள்.