கவனம் போதாது – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

நான் கொளத்தூரில் ஒரு தனியார் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. காலாண்டுத் தேர்வு முடிந்து, வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எனக்கு இதுதான் முதல் கூட்டம். வகுப்பில் 36 பிள்ளைகள். காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை, ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோப்பில் என்னென்ன வைப்பது, எப்படி உடுத்திக்கொண்டு போவது, ஆங்கிலத்தில்தான் பேசவேண்டுமா, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாமா, கோபமாக வரும் பெற்றோரை எப்படிச் சமாளிப்பது என்று ஒரே குழப்பம். முக்கியமாக ஒரு பையன். வாயைத் திறந்தால் அவ்வளவு கெட்டிக்காரன். கணக்கில் மட்டும் 60க்கு 21. கவனம் போதாது. இதை அவன் அம்மாவிடம் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? அவர் துணிக்கடையில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை அதிக நேரம் அனுமதி கிடைக்காது என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

இந்த வாரம் வந்த கடிதங்களில் உங்களுடையதை மட்டும் மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. முதல் கூட்டத்துக்கு முன்னால் இவ்வளவு பயப்படுகிற ஆசிரியை கிடைத்ததற்கு அந்த 36 பிள்ளைகளும் கொடுத்துவைத்தவர்கள். இரண்டாம் முறை படித்தபோது ஓர் இடத்தில் கோபம் வந்தது. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

என்ன உடுத்துவது என்பதை உங்கள் வீட்டில் கேளுங்கள். கோப்பு எந்த நிறத்தில் இருந்தாலும் சரி. கோபமாக வருகிறவர் முதல் இரண்டு நிமிடம் பேசட்டும், குறுக்கே பேசாதீர்கள், பாதிக் கோபம் அதிலேயே போய்விடும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெற்றோர் எந்த மொழியில் தம் பிள்ளையைக் கொஞ்சுகிறாரோ அந்த மொழியில் பேசுங்கள். நிர்வாகம் ஏதாவது சொன்னால் வணக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தமிழில் தொடங்குங்கள். புரியாத வாக்கியத்துக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வாசலுக்கு வந்ததும் பக்கத்தில் நிற்பவரிடம் 'மிஸ் என்ன சொன்னார்கள்?' என்று கேட்கிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். மாதக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்தவர் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டுமா?

பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவனைப் பற்றி அவன் தலைக்கு மேலே பேசாதீர்கள். பின்னால் ஏழெட்டுப் பெற்றோர் வரிசையில் நிற்க, நடுவில் ஓர் எட்டு வயதுப் பிள்ளையை நிறுத்திவைத்து அவனுடைய குறைகளை வாசிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அப்படி நின்றவர்களுக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்து வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் வருகையும் மதிப்பெண்ணும் சொல்கிறார்கள். கற்கும் திறனைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிலைத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

'கவனம் போதாது.'

ஐந்து மாதத்தில் இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள், அம்மா? பக்கத்து வகுப்பு ஆசிரியையிடமா? பழைய முன்னேற்ற அறிக்கைகளைப் பார்த்தா? இதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று என்னிடம் வழி கேட்கிறீர்கள். இதைச் சொல்லவே கூடாது என்பதுதான் என் பதில். சனிக்கிழமை அந்த வகுப்பறையில் 36 பேரில் ஒருவரிடம்கூட இந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். ஏன் என்று கேட்டால், எனக்கு மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பின் முதல் பாதியிலும் மாதாமாதம் இதையே எழுதிக் கொடுத்தார்கள்.

என் அப்பா பெரம்பூர் ரயில்வே பணிமனையில் பிட்டர். பணிமனைச் சங்கு ஊதினால் எங்கள் தெருவே கடிகாரத்தைச் சரிபார்க்கும். பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டுமென்றால் அவர் அரைநாள் விடுப்பு போடவேண்டும். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்போடு வந்து, ஆசிரியரின் மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்று, 'பையன் கெட்டிக்காரன், கவனம் போதாது' என்ற வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு வீட்டில் அவர் என்ன செய்யமுடியும்? தனக்குத் தெரிந்ததைச் செய்தார். இரவு எட்டு மணிக்கு என்னைக் குண்டு விளக்கின் கீழ் உட்காரவைத்து, ஒவ்வொரு கணக்குக்கும் 'கவனி, கவனி' என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருப்பார். தப்பு வந்தால் அடி. நான் கண் கொட்டாமல் கவனிப்பேன். மறுபடியும் தப்பு வரும்.

நான்காம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு முடிந்து எங்களுக்குப் புது ஆசிரியை ஒருவர் வந்தார். அப்பா வழக்கம்போல வந்து, வழக்கமான தூரத்தில் நின்றார். ஆசிரியை மதிப்பெண் பட்டியலை எடுக்கவில்லை. என் கணக்கு நோட்டை எடுத்தார். கட்டம் போட்ட நோட்டு, பழுப்புத்தாள் அட்டை. அதில் ஒரு பக்கத்தில் துண்டுத்தாள் செருகி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் நான்கு கழித்தல் கணக்குகள். இன்றும் எனக்கு மனப்பாடம்.

52இல் 27 போனால் 35 என்று போட்டிருந்தேன். 61இல் 34 போனால் 33. 70இல் 26 போனால் 56. 85இல் 32 போனால் 53. கடைசிக் கணக்கு மட்டும் சரி. மற்ற மூன்றின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, முதல் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு என்றார். நான் சொன்னேன்: 'இரண்டில் ஏழு போகாது. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கவேண்டும். ஏழில் இரண்டு போனால் ஐந்து. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. முப்பத்தைந்து.'

பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கவேண்டும். இரண்டாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. ஒற்றை இலக்கக் கணக்குகளுக்காகச் சொன்னது. யாரும் திரும்ப வந்து அதை மாற்றிச் சொல்லவில்லை. நான் ஒன்றரை வருடமாக அந்த விதியை ஒரு நாள்கூடப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறேன். என்னைவிடக் கவனமான பிள்ளை அந்த வகுப்பில் இருந்திருக்கமுடியாது. அதற்குத்தான் அத்தனை அடியும்.

அப்பா இரண்டடி முன்னால் வந்து நோட்டின் மேல் குனிந்தார். அவர் என் நோட்டைப் பார்த்ததே அன்றுதான் என்று நினைக்கிறேன். மூன்று தப்பையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு ஆசிரியையிடம் சொன்னார்: 'எங்கள் பணிமனையில் உருப்படி ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பி வந்தால் ஆளைத் திட்டமாட்டோம். அவன் கையில் இருக்கிற அளவுகோலைத்தான் வாங்கிப் பார்ப்போம்.' ஆசிரியை எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். அப்பா உட்காரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

அந்த மாதச் சம்பள நாளில் அப்பா ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒற்றை ரூபாய்த் தாள்களையும் என் முன்னால் வைத்து, 'எனக்கு இருபத்தேழு ரூபாய் கொடு' என்றார். ஆசிரியை சொல்லிக்கொடுத்த வழி. இரண்டு பத்து ரூபாய்த் தாள்களைக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஏழு வேண்டும், கையில் ஒற்றை ரூபாய் இரண்டுதான் இருக்கிறது. விழித்துக்கொண்டு நின்றேன். 'கடைக்குப் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வா' என்றார். அண்ணாச்சி கடைக்கு ஓடிப்போய் ஒரு பத்து ரூபாயைப் பத்து ஒற்றை ரூபாயாக மாற்றிக்கொண்டு வந்தேன். இப்போது கையில் பன்னிரண்டு. ஏழைக் கொடுத்தேன், மீதி ஐந்து. இரண்டு பத்து அப்படியே இருந்தது. இருபத்தைந்து. அதுவரை 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று நான் கேட்டு, அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அம்மா, உங்கள் பையனின் தப்பு இதேதான் என்று நான் சொல்லவில்லை. கரும்பலகையில் இருக்கும் 32ஐ அவன் நோட்டில் 82 என்று எழுதினால் அது கண்ணாக இருக்கலாம். அவனைக் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வாய்க்கணக்கில் சரியாகச் சொல்லி, எழுத்துக் கணக்கில் தப்பினால், அவனுக்குக் கணக்கு வருகிறது, கேள்வியைப் படிக்க வராமல் இருக்கலாம். தமிழ்ப் பாடத்திலும் இப்படித்தான். மரம் என்பதை 'மறம்' என்று எழுதுகிற பிள்ளையைக் கவனக்குறைவு என்கிறோம். சென்னைப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகவே ஒலிக்கும்போது, காதில் விழாத வேற்றுமையை அவன் கையால் எப்படி எழுதுவான்? ஒவ்வொரு தப்புக்கும் ஓர் ஊர் உண்டு, அங்கிருந்துதான் அது வருகிறது. 'கவனம் போதாது' என்று எழுதிய கணத்தில் ஆசிரியர் அந்த ஊரைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார். பெற்றோரிடம் அதைச் சொன்ன கணத்தில் பிள்ளைக்கு வீட்டில் அடி தயாராகிவிடுகிறது. இரண்டும் உங்கள் கையெழுத்தோடுதான் நடக்கும்.

அரசுப் பள்ளிகளில் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரித்தார்கள். நல்ல சொற்கள். பிள்ளை எங்கே நிற்கிறான் என்றாவது சொல்கின்றன. ஆனால் ஒரு தாயிடம் 'உங்கள் பையன் அரும்பு' என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து காட்டாமல் அனுப்பினால் அவருக்கு அதுவும் ஒரு மதிப்பெண்தான்.

ஆகவே நீங்கள் தயார் செய்யவேண்டியது 36 நோட்டுகள். இன்றிலிருந்து வெள்ளி வரை ஐந்து நாள். நாளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு நோட்டிலும் இரண்டு துண்டுத்தாள். ஒன்று ஜூன் மாதப் பக்கத்தில், மற்றொன்று இந்த மாதப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது என்பதைப் பெற்றோர் தம் கண்ணாலேயே பார்ப்பார்கள். பிள்ளை எங்கே திணறுகிறானோ அந்த இடத்தில் அவனை வாய்விட்டுச் சொல்லச்சொல்லி முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மதிய உணவு இடைவேளை போதும். சனிக்கிழமை பெற்றோர் வந்ததும் முதலில் நீங்கள் பேசாதீர்கள், 'வீட்டில் எதை ஆசையாகச் செய்கிறான்?' என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நோட்டைத் திறங்கள். வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. சில்லறை மாற்றுவது போல.

36 பேருக்கு ஐந்து ஐந்து நிமிடம் என்றால் சரியாக மூன்று மணி நேரம். இடையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் வைக்காமல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் பேசி, கொஞ்சம் பேரையாவது அடுத்த வார மாலைகளுக்கு மாற்றிக் கேளுங்கள். ஐப்பசி வேறு பிறக்கப்போகிறது, மழை விடுமுறை விட்டால் எல்லாமே தள்ளிப்போகும். எப்படியும் நோட்டுகள் தயாராக இருக்கட்டும்.

அந்தப் பையனின் அம்மாவைக் காலை எட்டரைக்கு வரச்சொல்லி டைரியில் எழுதுங்கள். கடை திறப்பதற்கு முன்னால் அவரால் வந்துபோக முடியும், பின்னால் வரிசையும் இருக்காது. துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்கிறவர். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தவேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் அவரை முழங்காலை மடக்கி உட்காரவைக்காதீர்கள். ஆசிரியர் அறையிலிருந்து முதல் நாளே ஒரு நல்ல நாற்காலி எடுத்துப்போட்டு வையுங்கள். அவன் நோட்டில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.